ஒரே கருப்பு, வேறு வேறு பீர்: உலக ஸ்டவுட்களை ஒப்பிடுவது எப்படி?

பீர் ரசிகர்கள் மதிப்பெண் போட்டு உருவாக்கும் 'உலகின் சிறந்த பீர்கள்' பட்டியல்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். மேல் இடங்களில் நிறைய, 12 சதவீதத்துக்கும் மேல் ஆல்கஹால் உள்ள இம்பீரியல் ஸ்டவுட்களாக இருக்கும் (ஸ்டவுட் என்பது வறுத்த தானியத்தால் கருப்பாகும் பீர்; இம்பீரியல் அதில் வலுவான வகை). உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஸ்டவுட்டான கின்னஸ் டிராஃப்ட் அந்தப் பக்கமே தென்படாது. இன்னொரு குழப்பமும் உண்டு. கின்னஸ் என்ற அதே பெயரில் அயர்லாந்தின் டப்ளினில் ஒருவர் குடிப்பதும் நைஜீரியாவின் லாகோஸில் ஒருவர் குடிப்பதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சுவையில் இருக்கும். முதலாவது 4.2 சதவீதம், மெல்லியது, நுரை வெண்ணெய் போல. இரண்டாவது 7.5 சதவீதம், கனமானது, கசப்பும் இனிப்பும் மோதிக்கொள்வது.

ஸ்டவுட் என்ற ஒரே பெயருக்குள் தூரத்து உறவினர்களான ஐந்தாறு பீர்கள் இருக்கின்றன. எது எந்தக் கிளை என்று தெரியாமல் இரண்டை அருகருகே வைத்து 'எது மேல்?' என்று கேட்டால், கிடைக்கும் விடை பீரைப் பற்றிச் சொல்வதைவிட நம் அப்போதைய பசியையும் ஆசையையும் பற்றித்தான் அதிகம் சொல்லும். அதனால் முதலில் அடிப்படை, அப்புறம் கிளைகள், கடைசியாகச் சுவைக்கும் முறை.

கருப்பு எங்கிருந்து வருகிறது?

பார்லியை ஊறவைத்து, முளைக்கவிட்டு, சூட்டில் உலர்த்தினால் மால்ட். அதை அரைத்து வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்தச் சாற்றை ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ) சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டால் சர்க்கரை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறும். எல்லா பீருக்கும் இதுவே வழி. ஸ்டவுட்டிலும் தானியத்தில் பெரும்பகுதி வெளிர் நிற மால்ட்தான். சுமார் பத்தில் ஒரு பங்கு மட்டும் நன்றாக வறுத்த தானியம். அந்தச் சிறு பங்கு மொத்த பீரையும் கருப்பாக்கிவிடுகிறது.

வறுத்த தானியத்தில் முக்கியமானவை மூன்று:

1. சாக்லேட் மால்ட். இதில் சாக்லேட் எதுவும் கிடையாது. நிறத்தால் வந்த பெயர். கோகோ, கொட்டைப் பருப்பு வாசனை தரும்.
2. கருப்பு மால்ட். இன்னும் அதிகமாக வறுத்தது. கூடிப்போனால் சாம்பல் போன்ற காட்டம் வரும்.
3. வறுத்த பார்லி. முளைக்கவிடாமல் நேராக வறுப்பது. காப்பி போன்ற கூர்மையும் வறட்சியான கசப்பும் இதனால் வருகின்றன. இன்றைய ஐரிஷ் ஸ்டவுட்டின் அடையாளம் இதுதான்.

இவற்றை 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் வறுக்கிறார்கள். காப்பிக்கொட்டையை வறுக்கும்போது பைரசின் போன்ற வாசனைச் சேர்மங்கள் உண்டாவது போலவே இங்கும் உண்டாகின்றன. ஸ்டவுட்டில் காப்பித்தூள் போடாமலேயே காப்பி வாசனை வருவதற்குக் காரணம் இதுதான்.

வறுத்த தானியத்துக்கு அமிலத்தன்மை அதிகம். தண்ணீரில் பைகார்பனேட் நிறைய இருந்தால் அது இந்த அமிலத்தைத் தணித்துவிடும். லண்டனின் கிணற்று நீர் அந்த வகை. அந்த ஊரில் கருநிற பீர் தழைத்ததில் தண்ணீருக்கும் பங்கு உண்டு.

நிறத்தைப் பார்த்து இரண்டு தவறான முடிவுகளுக்கு வருகிறோம். கருப்பாக இருப்பதால் போதை அதிகம் என்பது ஒன்று. ஆல்கஹால் வருவது வெளிர் மால்ட்டின் சர்க்கரையிலிருந்து. நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கருப்பாக இருப்பதால் சத்தானது, கலோரி மிகுந்தது என்பது மற்றொன்று. பீரின் கலோரியில் பெரும்பங்கு ஆல்கஹாலிலிருந்து வருவதால், 4.2 சதவீத கின்னஸில் அதே அளவு 5 சதவீத லாகரைவிட (குளிர்ந்த நிலையில் நொதிக்கும், பெரும்பாலும் வெளிர் நிற பீர்) கலோரி பொதுவாகக் குறைவு. இரும்புச்சத்து விஷயத்தில் இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஸ்டவுட்டில் அது மிக மிகக் குறைவு. 1929-இல் தொடங்கிய 'கின்னஸ் உங்களுக்கு நல்லது' விளம்பர வரிசையும், பிள்ளை பெற்றவர்களுக்கு ஸ்டவுட் கொடுக்கும் பழைய வழக்கமும் விட்டுச்சென்றதுதான் ஸ்டவுட்டில் இரும்பு நிறைய என்ற நம்பிக்கை. பாலூட்டும் தாய்க்கோ கர்ப்பிணிக்கோ எந்த பீரும் மருந்தல்ல.

லண்டன் போர்ட்டரிலிருந்து

18-ஆம் நூற்றாண்டு லண்டனில் உழைப்பாளிகள் குடித்த பழுப்பு நிற பீர், போர்ட்டர். அதில் வலுவானதை 'ஸ்டவுட் போர்ட்டர்' என்றார்கள். பின்னால் அது வெறும் ஸ்டவுட் ஆயிற்று. ஆகவே போர்ட்டரும் ஸ்டவுட்டும் இரண்டு தனி பீர்களா என்ற கேள்விக்கு வரலாறு கூர்மையான எல்லைக்கோடு எதையும் தருவதில்லை. இன்றும் ஒரு ஆலை போர்ட்டர் என்று விற்பதை அடுத்த ஆலை ஸ்டவுட் என்று விற்கலாம்.

போர்ட்டரைப் பிரம்மாண்டமான மரத்தொட்டிகளில் மாதக்கணக்கில் பழுக்கவைத்தார்கள். அந்தத் தொட்டிகள் எவ்வளவு பெரியவை என்பதற்கு 1814 அக்டோபர் 17 சாட்சி. லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு அருகில் மியூக்ஸ் ஆலையின் தொட்டி ஒன்று உடைந்து, பீர் வெள்ளம் பக்கத்துக் குடியிருப்பில் பாய்ந்து எட்டுப் பேர் இறந்தார்கள். தொட்டியில் நெடுநாள் கிடந்த பீரில் ஒரு தோல், பழைய மரம் போன்ற வாசனையும் மெல்லிய புளிப்பும் வந்தன. அதற்குக் காரணமான காட்டு ஈஸ்ட்டை 1904-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் ஆய்வாளர் கிளாசன் அடையாளம் கண்டு பிரெட்டனோமைசிஸ் என்று பெயரிட்டார்.

1817-இல் டேனியல் வீலர் உருளை வறுப்பான் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மால்ட்டைத் தீப்பிடிக்காமல் கருப்பாக வறுக்க அது வழி செய்தது. அதற்கு முன் பெரும்பாலும் பழுப்பு மால்ட்டைக் கொட்டித்தான் நிறம் வரவைத்தார்கள். பழுப்பு மால்ட்டில் சர்க்கரை குறைவாகத்தான் கிடைக்கும். வீலருக்குப் பின் வெளிர் மால்ட்டோடு ஒரு கை கருப்பு மால்ட் போதும் என்றாயிற்று. பழுப்பு பீர் கருப்பு பீராக மாறியதில் இந்த இயந்திரத்தின் பங்கு பெரிது.

டப்ளினில் ஆர்தர் கின்னஸ் 1759-இல் செயின்ட் ஜேம்ஸ் கேட் இடத்தை ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகையில் 9,000 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். தொடக்கத்தில் அவர் காய்ச்சியது ஏல் (போர்ட்டர் அளவுக்குக் கருமையில்லாத பீர்). 1799-இல் அதை நிறுத்திவிட்டு முழுமையாகப் போர்ட்டருக்கு மாறினார்.

கிளைகள்

1. ஐரிஷ் டிரை ஸ்டவுட். பெரும்பாலும் 4 முதல் 5 சதவீதம். கின்னஸ், மர்ஃபிஸ், பீமிஷ் மூன்றும் இந்த வகை. கின்னஸ் டப்ளினைச் சேர்ந்தது, மற்ற இரண்டும் கார்க் நகரத்தவை. பீமிஷ் ஆலை 1792-இல் தொடங்கியது. மர்ஃபிஸ் 1856-இல். 2009-இல் பீமிஷ் ஆலை மூடப்பட்டபின் இரண்டும் ஒரே இடத்தில்தான் தயாராகின்றன. மூன்றையும் அருகருகே வைத்தால் கின்னஸில் வறட்சியும் மெல்லிய புளிப்பும் தெரியும், மர்ஃபிஸ் மென்மை, பீமிஷ் நடுவில் சற்றுக் கசப்போடு நிற்கும். ஒப்பிட்டுப் பழக இதைவிட நல்ல மூவர் கிடையாது. நிறம், வலு, வாயு எல்லாம் ஏறக்குறைய ஒன்று என்பதால் மிஞ்சும் வித்தியாசம் சுவை மட்டும்தான்.

2. மில்க் ஸ்டவுட். பால் இருக்காது. பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் இருக்கும். பீர் ஈஸ்ட்டால் அதைத் தின்ன முடியாது என்பதால் இனிப்பு அப்படியே தங்கிவிடுகிறது. இங்கிலாந்தின் ஹைத் ஊரில் 1907-இல் வந்த மெக்கெசன் இதன் முன்னோடி. தென்னாப்பிரிக்காவின் காசில், அமெரிக்காவின் லெஃப்ட் ஹேண்ட் ஆகியவை இன்று தெரிந்த பெயர்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் லேபிளைப் பார்க்காமல் இதை எடுக்கக் கூடாது.

3. ஓட்ஸ் ஸ்டவுட். ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து பீருக்கு வழவழப்பைத் தருகிறது. கிட்டத்தட்ட மறைந்துபோன இந்த வகையை இங்கிலாந்தின் டாட்காஸ்டர் ஊரிலுள்ள சாமுவேல் ஸ்மித் ஆலை 1980-இல் மீட்டெடுத்தது. இனிப்பு அல்ல, தொடுவுணர்ச்சிதான் இதன் விசேஷம்.

4. ஏற்றுமதி ஸ்டவுட்டும் வெப்பமண்டல ஸ்டவுட்டும். எனக்குத் தெரிந்து ஸ்டவுட் குடும்பத்தில் இவ்வளவு சுவையான கதையும் இவ்வளவு குறைந்த மரியாதையும் உள்ள கிளை வேறில்லை. அதனால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

1801-இல் கின்னஸ் கரீபியனுக்கென்று வலுவான, ஹாப்ஸ் மிகுந்த ஒரு போர்ட்டரின் செய்முறையைக் குறித்துவைத்தது. நெடுங்கடல் பயணத்தைத் தாங்க வேண்டும் என்பது கணக்கு. இன்று அந்த வம்சத்தில் வருவதுதான் ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட். கப்பல் போன இடங்களிலெல்லாம் அதற்கு ரசிகர்கள் உருவானார்கள். பிறகு அந்தந்த ஊர் ஆலைகளும் தாங்களே காய்ச்சத் தொடங்கின. அவர்களிடம் இருந்ததோ லாகர் ஈஸ்ட். அதை வழக்கத்தைவிடச் சூடான நிலையில் நொதிக்கவிட்டார்கள். கசப்பு குறைந்து, இனிப்பும் பழ வாசனையும் ரம் போன்ற மணமும் கூடின. ஜமைக்காவின் டிராகன் ஸ்டவுட் 7.5 சதவீதம். இலங்கையின் லயன் ஸ்டவுட் ஏற்றுமதிப் பாட்டிலில் 8.8 சதவீதம். மலைநகரமான நுவரெலியாவில் 19-ஆம் நூற்றாண்டில் தோன்றிய அந்த ஆலை இன்று கொழும்புக்கு அருகே பியகமவில் இயங்குகிறது. லயன் ஸ்டவுட்டை வெளியுலகுக்குக் கொண்டுசென்றவர்களில் பிரிட்டிஷ் பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் முக்கியமானவர். கோகோ, கரும்புப் பாகு, உலர்ந்த பழம் மூன்றும் ஒன்றாக வரும் பீர் அது.

நைஜீரியாவின் கதை வேறு. அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் வெளியே கின்னஸ் கட்டிய முதல் ஆலை, 1960-களின் தொடக்கத்தில் லாகோஸின் இகேஜாவில் வந்தது. 1980-களின் பிற்பகுதியில் அரசு பார்லி இறக்குமதியைத் தடுத்தபோது, ஆலைகள் சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் மாற வேண்டியதாயிற்று. டப்ளினிலிருந்து வரும் அடர்ந்த கருஞ்சாற்றை, உள்ளூர்த் தானியத்தில் காய்ச்சிய வெளிர் பீரோடு கலப்பதுதான் முறை. தானியம் மாறியதால் வாயில் படும் விதமும் மாறியது. நைஜீரிய கின்னஸைக் குடித்துப் பழகியவருக்கு டப்ளின் டிராஃப்ட் தண்ணீராகத் தெரிவதும், டப்ளின்காரருக்கு நைஜீரிய பாட்டில் பாகாகத் தெரிவதும் இயல்பு. எது 'அசல்' என்ற சண்டைக்கு இங்கே இடமில்லை. இரண்டுக்கும் இரண்டு வரலாறு.

5. இம்பீரியல் ஸ்டவுட். லண்டன் சதக்கில் இருந்த த்ரேல் ஆலை (பின்னாளில் பார்க்ளே பெர்கின்ஸ்) ரஷ்யாவின் இரண்டாம் கேத்தரின் அரசவைக்கு அனுப்பிய வலுவான ஸ்டவுட்டிலிருந்து வந்த பெயர். குளிர்க் கடலைத் தாண்டுவதற்காகவே வலுவாக்கினார்கள் என்று பரவலாகச் சொல்வார்கள். ஆனால் லண்டனிலேயே அந்த வலுவில் ஸ்டவுட் விற்றுக்கொண்டுதான் இருந்தது. இன்று 8 முதல் 12 சதவீதம் வழக்கமான அளவு, அதையும் தாண்டுபவை உண்டு. கலிஃபோர்னியாவின் ஓல்ட் ரஸ்புடின் 9 சதவீதம், ஹாப்ஸ் கசப்பு தூக்கல். சாமுவேல் ஸ்மித்தின் இம்பீரியல் ஸ்டவுட் 7 சதவீதம்தான். பெயர் ஒன்று, பாணி வேறு.

இந்தக் கிளையை 1990-களில் திசைதிருப்பியது சிகாகோவின் கூஸ் ஐலண்ட். இம்பீரியல் ஸ்டவுட்டை போர்பன் விஸ்கி பீப்பாயில் பழுக்கவைத்தார்கள். அமெரிக்கச் சட்டப்படி போர்பனைப் புதிய, உட்புறம் கருக்கிய ஓக் கலனில்தான் வைக்க வேண்டும். ஆகவே ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய்கள் ஏராளமாகக் கிடைத்தன. வனிலா, தேங்காய், கருகிய மர வாசனை எல்லாம் அந்த மரத்திலிருந்து வருபவை. பட்டியல்களை ஆளும் ஸ்டவுட்கள் பெரும்பாலும் இதன் வழித்தோன்றல்கள்.

பால்டிக் போர்ட்டர் இதற்கு உறவு. போலந்தின் ஜிவியெட்ஸ் போல, பெரும்பாலானவை லாகர் ஈஸ்ட்டில் குளிர்ந்து நொதிப்பதால் காட்டம் குறைந்து வழவழப்பாக இருக்கும்.

நைட்ரஜன்: சுவையை மாற்றும் வாயு

1959-இல் கின்னஸ் நைட்ரஜன் கலந்த டிராஃப்ட் (பீப்பாயிலிருந்து குழாய் வழியே ஊற்றும்) முறையை அறிமுகப்படுத்தியது. அதை உருவாக்கியவர் மைக்கேல் ஆஷ், கணிதம் படித்தவர். வழக்கமான பீரில் கரியமில வாயு மட்டும் இருக்கும். இங்கே சுமார் முக்கால் பங்கு நைட்ரஜனும் கால் பங்கு கரியமில வாயுவும் கொண்ட கலவையால் பீரைத் தள்ளுகிறார்கள். நைட்ரஜன் நீரில் மிகக் குறைவாகவே கரையும். அதனால் குமிழிகள் மிகச் சிறியவை, நுரை நெருக்கமானது, நெடுநேரம் நிற்பது. டின்னுக்குள் உருளும் சிறு பிளாஸ்டிக் உருண்டை, திறந்ததும் வாயுவைப் பீய்ச்சி இதே நுரையை எழுப்புகிறது. கண்ணாடிச் சுவரோரம் குமிழிகள் மேலே போகாமல் கீழே இறங்குவதற்கு, மேலே விரியும் கோப்பையின் வடிவம்தான் காரணம் என்று 2012-இல் லிமெரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

சுவைக்கு இதனால் என்ன ஆகிறது? கரைந்த கரியமில வாயு நாக்கில் அமிலமாகக் குத்தும். அது குறையும்போது பீர் மென்மையாக, கனமானதாகத் தோன்றும். அதே சமயம் வாசனையை மேலே தூக்கிவரும் குமிழிகளும் குறைவு, ஆகவே மணம் மங்கும். ஒரே ஸ்டவுட்டை நைட்ரஜன் டின்னிலும் சாதாரணப் பாட்டிலிலும் சுவைத்தால் இரண்டு வேறு ஆலைகளின் பீர் என்றுகூடச் சொல்லத் தோன்றும். நைட்ரஜன் உள்ளதையும் இல்லாததையும் ஒப்பிட்டு ஒன்றை 'மென்மையானது' என்று பாராட்டுவது, வாயுவைப் பாராட்டுவதுதான்.

சுவைக்கும் முறை

1. ஒரு கிளைக்குள் ஒப்பிடுங்கள். இல்லையென்றால் ஒரே ஒரு அம்சத்தை மாற்றுங்கள். ஒரே ஆலையின் சாதாரண ஸ்டவுட்டும் ஏற்றுமதி ஸ்டவுட்டும் நல்ல ஜோடி.
2. வலு குறைந்ததிலிருந்து கூடியதற்கும், இனிப்பு குறைந்ததிலிருந்து கூடியதற்கும் போங்கள். 11 சதவீத இனிப்பு ஸ்டவுட்டுக்குப் பின் ஐரிஷ் ஸ்டவுட் எப்போதும் தோற்கும்.
3. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே வேண்டாம். கடுங்குளிரில் மணம் எழாது, கசப்பு மட்டும் துருத்தும். மெல்லிய ஸ்டவுட்டுக்கு 8 முதல் 10 டிகிரி, வலுவானதற்கு 12 முதல் 14 டிகிரி போதும். ஒரே சுற்றில் எல்லாமே ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும்.
4. வாய் குறுகிய ஒரே மாதிரிக் கோப்பைகள், ஒவ்வொன்றிலும் 75 மில்லி. கழுவிய சோப்பின் எச்சம் நுரையைக் கொன்றுவிடும்.
5. முதலில் மோந்து பாருங்கள். பிறகு ஒரு மிடறு, விழுங்கிவிட்டு அரை நிமிடம் பேசாமல் இருங்கள். வறுத்த தானியத்தின் கசப்பும் துவர்ப்பும் தாமதமாக வருபவை. முதல் நொடியில் எழுதும் குறிப்பு பாதிக் குறிப்புதான்.
6. இடையில் தண்ணீர், வெறும் ரொட்டி. முன்னதாகக் காப்பி வேண்டாம்.
7. முடிந்தால் லேபிளை மறையுங்கள். வேறொருவர் மூன்று கோப்பைகளில் இரண்டில் ஒரே பீரும் ஒன்றில் வேறு பீரும் ஊற்றித் தரட்டும். தனித்தது எது என்று சொல்ல வேண்டும். ஊகித்தாலே மூன்றில் ஒரு முறை சரியாக வரும் என்பதால் பல சுற்று பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

குறிப்பில் 'நன்றாக இருக்கிறது' என்று எழுதுவதால் பயனில்லை. வறுவல் எந்தப் பக்கம்: கோகோவா, காப்பியா, சாம்பலா? முடிவு வறட்சியா, இனிப்பா? புளிப்பு உண்டா? வாயில் எவ்வளவு கனம்? ஆல்கஹால் சூடு தெரிகிறதா, மறைந்திருக்கிறதா? இந்த ஐந்து கேள்விகள் போதும்.

குணமா, குறையா?

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஐரிஷ் ஸ்டவுட்டில் மெல்லிய புளிப்பு பாணியின் பகுதி. ஆனால் மில்க் ஸ்டவுட்டில் புளிப்பு வந்தால் கிருமி புகுந்திருக்கலாம். நனைந்த அட்டை வாசனை, ஆக்சிஜன் பட்டுப் பழசான பீரின் அடையாளம். அதே ஆக்சிஜன் வலுவான இம்பீரியல் ஸ்டவுட்டில் சில ஆண்டுகளில் உலர்திராட்சை, ஷெர்ரி ஒயின் போன்ற மணமாக மாறி ரசிக்கத்தக்கதாகும். சோயா சாஸ் வாடை அடித்தால் இறந்த ஈஸ்ட் செல்கள் உடைந்து கரைந்திருக்கின்றன என்று பொருள். நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு, வறுத்த தானியம் கூடிப்போனதையோ அதிலிருந்து சாறு எடுத்த விதம் பிசகியதையோ காட்டும்.

4 சதவீத ஸ்டவுட்டை வாங்கிப் பத்திரப்படுத்துவதில் லாபம் எதுவும் இல்லை. அது புதிதாக இருக்கும்போதுதான் நன்றாக இருக்கும்.

பட்டியல்கள் ஏன் சாய்கின்றன?

மதிப்பெண் போடுபவர்கள் பெரும்பாலும் சிறு கோப்பைகளில், பலவற்றை அடுத்தடுத்துச் சுவைப்பவர்கள். 60 மில்லியில் சத்தமாகப் பேசும் பீர் ஜெயிக்கும். இனிப்பு, ஆல்கஹால் சூடு, வனிலா எல்லாம் அந்த அளவில் பிரமிக்கவைக்கும். அதே பீரை அரை லிட்டர் குடிக்கச் சொன்னால் பலருக்கும் பாதியில் திகட்டிவிடும். ஐரிஷ் ஸ்டவுட்டோ ஒரு பைன்ட் (568 மில்லி) முழுவதும் திகட்டாமல் இருப்பதற்கென்றே உருவானது. அந்தத் திறமையைச் சிறு மிடறு அளக்காது. கிடைப்பதற்கரிய பாட்டிலைத் தேடிப்பிடித்து வாங்கியவர் அதற்குக் குறைந்த மதிப்பெண் போடத் தயங்குவதும் சேர்ந்துகொள்கிறது. பட்டியலில் கீழே இருக்கும் மென்மையான ஸ்டவுட்டை மட்டம் என்று ஒதுக்குவது அநியாயம். 4.2 சதவீதத்தில் குறை எதையும் மறைக்க இடமில்லை, அங்கே சமநிலையைப் பிடிப்பது மிகக் கடினமான வேலை.

ஒரு கணக்கு

பாட்டில் அளவைப் பார்த்து ஏமாறுவதும் இந்த வகையில்தான் அதிகம். மில்லி லிட்டரை ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி, 0.79-ஆல் பெருக்கி, 100-ஆல் வகுத்தால் ஆல்கஹால் கிராமில் வரும். 568 மில்லி பைன்ட் ஐரிஷ் ஸ்டவுட், 4.2 சதவீதம்: சுமார் 19 கிராம். 330 மில்லி இம்பீரியல் ஸ்டவுட், 12 சதவீதம்: சுமார் 31 கிராம். சின்னப் பாட்டிலில் ஒன்றரை மடங்குக்கு மேல். நாலைந்து இம்பீரியல் ஸ்டவுட்களை ஒரே அமர்வில் ஒப்பிடுவதென்றால் ஒரு பாட்டிலை நாலு பேர் பகிர்ந்துகொள்ள வேண்டும், துப்புவதற்கு ஒரு பாத்திரமும் வைத்துக்கொள்ள வேண்டும். பீரின் கசப்பை உணரும் பகுதி நாக்கின் பின்புறத்திலும் நிறைய இருப்பதால் விழுங்கித்தான் ஆக வேண்டும் என்பார்கள். முதல் மிடறை விழுங்கி, மற்றதைத் துப்பினாலே ஒப்பிடத் தேவையானது கிடைத்துவிடும். வண்டி ஓட்டுபவர் அந்த முதல் மிடறையும் தவிர்த்துவிட வேண்டியதுதான்.